மாடி போர்ஷன் காலி

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே தஞ்சாவூரில் வீடு தேடினேன். எனக்கு இல்லை. முருகையனின் மகள் தமிழ்ச்செல்விக்கு.

முருகையனுக்கு நன்னிலம் பக்கம் கிராமம். நான் அந்தத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த காலத்துப் பழக்கம். நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது அவருக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், கிடைத்தது. அந்தப் பட்டாவை எழுதியது நான்தான். இதை எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது!

அவர் மகளுக்கு இங்கே பி.எஸ்ஸி. கணிதம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் இடம் இல்லை. ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவதற்குள் முதல் இரண்டு வகுப்புகள் முடிந்துவிடுகின்றன. இந்த வாரத்துக்குள் வீடு கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. துணைக்கு அம்மாவும் வந்து தங்குவதாக ஏற்பாடு. இதைவிட நல்ல வாடகைதாரர் யாருக்குக் கிடைப்பார்?

நான்கு வீடு ஏறினோம். நான்கிலும் ஒரே வரிசையில் கேள்விகள். எந்த ஊரு? நன்னிலம் பக்கமா, சரி... ஊர்ல எந்தத் தெரு?

முருகையன் தெருவைச் சொல்வார். அவ்வளவுதான். ஒருவருக்கு மச்சினன் வருகிறான், இன்னொருவர் வெள்ளையடிக்கப் போகிறார். எல்லாருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை!

ஐந்தாவது வீட்டுக்காரர் கட்சிக்கரை வேட்டி கட்டியிருந்தார். ஹாலில் தலைவர் படம், அதற்குக் கீழே சாதி ஒழிப்பு மாநாட்டில் இவரே நிற்கும் போட்டோ. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனிதர் மாடி போர்ஷனைத் திறந்து காட்டினார். குழாயைத் திருகி, "பாருங்க, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி" என்றார். தமிழ்ச்செல்வி ஜன்னல் ஓரம் போய், "மேஜையை இங்க போட்டுக்கலாம்ப்பா" என்றாள். அன்று அவள் வாயைத் திறந்ததே அப்போதுதான்.

கீழே வந்து உட்கார்ந்தோம். "எந்த ஊரு உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார். அடுத்த கேள்வி வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம். முருகையன் சொந்த நிலக்காரர் என்று தெரிந்தால் மதிப்பாரே!

"இவர் சும்மா ஆள் இல்லீங்க. சொந்தமா மூணு மா நிலம் வச்சிருக்கார். உச்சவரம்புல வந்தது. பட்டா எழுதினதே நான்தான்!"

அவர் தெருவைக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியத்தைத்தான் நான் தீர்த்துவிட்டேனே! எங்கள் பக்கத்தில் உச்சவரம்பு நிலம் பெரும்பாலும் யாருக்குப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்களுக்கு. காலனிக்காரர்களுக்கு.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்றார். "மாடிக்குத் தண்ணி சரியா ஏறாதுங்க. பொம்பளைப் புள்ளைங்க சிரமப்படும்."

வெளியே வந்ததும் முருகையன்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். "விடுங்க சார். நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

தமிழ்ச்செல்வி மட்டும், "அடுத்த வீட்ல நிலத்தைப் பத்திச் சொல்லாதீங்க சார்" என்றாள்.

சொல்லவில்லை. ஆனால் ஆறாவது வீட்டிலும் ஏழாவது வீட்டிலும் தெருவைக் கேட்டார்கள்.

இத்தனை வருஷமாக யார் யாரோ ஆண்டாயிற்று. போராடினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், சட்டம் வந்தது, வயல்கூட கைமாறிவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை கைமாற மாட்டேன் என்கிறது. இனிமேல் மாறும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆசைதான். எனக்கே நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை முருகையன் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"காலேஜுக்கு ஒரு லெட்டர் எழுதணும் சார். டி.சி. கேட்டு. பாப்பா எழுத மாட்டேன்னு படுத்துக் கெடக்கு. உங்க எழுத்துதான் அழகா இருக்குமே, பட்டாவுல பாத்திருக்கேன்."

எழுதிக் கொடுத்தேன். அதே கைதான். அவர் கீழே கையெழுத்துப் போட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காபிகூட வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

நாங்கள் உட்கார்ந்து எழுதிய ஹாலுக்கு நேர் மேலே, என் மகன் வெளிநாடு போனதிலிருந்து பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று இருக்கிறது. தேடக் கிளம்புவதற்கு முதல் நாளே வீட்டில் பேச்செடுத்தேன். "அக்கம்பக்கத்துல கேட்டா என்னங்க சொல்றது?" என்றாள் மனைவி. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் மாடிக்கு இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் ஏறுகிறது.