பொம்மைக்கு மாட்டிய பெல்ட்

அவள் செய்கிற வேலையைச் சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். கார் கம்பெனி ஒன்றின் மோதல் சோதனைக் கூடத்தில், பொம்மைகளை இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் மாட்டுகிற வேலை. பன்னிரண்டு வருஷமாக இதுதான். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் பொம்மைக்காரி. அது சொந்தக்காரர்கள் வாயில் ஒட்டிக்கொண்டு இன்றுவரை போகவில்லை.

"பொம்மைக்குச் சட்டை போட்டு விடுறதுக்கு மாசச் சம்பளமா? குடுத்து வச்சவ" என்பார் சித்தப்பா.

கொடுத்து வைத்த லட்சணம் இதோ. கூடத்தில் இரண்டு பொம்மைகள். ஆண் அளவுக்குப் பெரியவன், ஐந்தடிகூட வராத பெண் அளவுக்குச் சின்னவள். தினமும் தோள், முழங்கை, முழங்கால் என்று ஒவ்வொரு இடமாகத் திருகி, இறுக்கம் சரியா என்று பார்க்க வேண்டும். இடுப்பு இத்தனை, மோவாய் இத்தனை என்று டேப் பிடித்து அளக்க வேண்டும். பெல்ட் தோள்பட்டை எலும்பின் நடுவே போகிறதா, இடுப்பெலும்பில் படிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒரு விரல் தள்ளியிருந்தாலும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். கடைசியில் நெற்றிக்கு நீலம், மோவாய்க்குச் சிவப்பு, முழங்காலுக்குப் பச்சை என்று சாயம் பூசுவாள். வண்டி சுவரில் மோதிய பிறகு எந்த நிறம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே இடித்திருக்கிறது என்று அர்த்தம். சின்னவளை உட்கார வைக்க மட்டும் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அண்ணன்தான் சீட் பெல்ட் போடாதவன். வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல?

அதுவும் சாதாரண வயிற்றெரிச்சல் இல்லை. கார் வாங்குவதற்கு முன் நான்கு வாரம் அவளைத் தூங்கவிடாமல் கேட்டவன் அவன். எதில் ஏர்பேக் அதிகம், எதில் முன்னால் யாராவது குறுக்கே வந்தால் வண்டி தானாக பிரேக் போடும், எது தடம் மாறினால் எச்சரிக்கும் என்று அவளும் வாய் வலிக்கச் சொன்னாள். அவள் சொன்ன வண்டியையே வாங்கினான். பார்க்கிறவர்களிடமெல்லாம் "நம்ம பொம்மைக்காரி சோதிச்ச மாதிரி வண்டி" என்று பீற்றிக்கொண்டான். வாங்கிய வாரமே ஆன்லைனில் ஒரு பாக்கெட் வரவழைத்தான். உள்ளே நான்கு கிளிப். பெல்ட்டின் நுனி மாதிரியே ஒரு தகர நாக்கு. அதைப் பூட்டில் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாக வண்டி நம்பிவிடும். டிங் டிங் என்கிற மணி வாயை மூடிக்கொள்ளும்.

அந்த மணி எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாக அடித்தால் மனுஷன் சலித்துப்போய் பெல்ட் போடுவான் என்று கம்பெனியில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களை அவளுக்குத் தெரியும். ஒரு துண்டுத் தகரம் அத்தனையையும் கெடுத்துவிட்டது.

"ஆறு ஏர்பேக் இருக்குல்ல? அப்புறம் எதுக்குக் கயிறு கட்டி உக்காரணும்?" என்றான் அண்ணன்.

"பெல்ட் ஆளைப் புடிச்சு வச்சாத்தான் ஏர்பேக் ஒழுங்கா வந்து தாங்கும். இல்லைன்னா நீ முன்னாடி பாய்ஞ்சு போவே, அது எதிர்ல வந்து மூஞ்சில அறையும்."

"பொம்மைக்கு அறிவில்ல, கட்டி வைக்கணும். நமக்குக் கை இருக்கு, ஊன்றிக்க மாட்டோமா?"

"ஓடுற லாரிலேருந்து சிமெண்ட் மூட்டையைத் தூக்கிப் போடச் சொல்றேன், கையால புடி பாப்போம்!"

அவன் சிரித்தான். அவனிடம் பேசினால் எப்போதும் இந்தச் சிரிப்பில்தான் முடியும்.

அவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று தண்ணி தெளித்து விட்டிருப்பாள். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்காருவது அம்மா. முழங்கால் வைத்தியத்துக்காக வாரம் இரண்டு தடவை நெடுஞ்சாலையில் நாற்பது நிமிஷம். கால் நீட்ட வேண்டும் என்று முன்னால்தான் உட்காருவாள். அவள் பக்கப் பூட்டிலும் ஒரு கிளிப்.

"அம்மாவுக்குக் கழுத்தை அறுக்குதாம்டி. பாவம், வயசானவங்களைக் கட்டிப் போடச் சொல்றியா?"

அன்றிலிருந்து நான்கு மாதம் போனில் கத்தினாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துக் கத்துவாள். திரும்பி வந்தார்களா என்று கேட்கிற சாக்கிலும் கத்துவாள். அம்மா "சரி சரி" என்பாள். ஒரு தடவை வீட்டுக்குப் போனபோது அம்மா பக்கத்துக் கிளிப்பைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். சாயங்காலமே பாக்கெட்டிலிருந்து இன்னொன்று பூட்டுக்குள் ஏறிவிட்டது.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அண்ணனே போன் செய்தான். குரலில் சிரிப்பில்லை.

"உன் வண்டி பண்ண வேலையைப் பாத்தியா? எவனோ ஸ்கூட்டர்ல குறுக்க வந்தான். நான் கால் வைக்கிறதுக்குள்ள அதுவே பிரேக் போட்டுருச்சு. அம்மா போய் முன்னாடி இடிச்சுக்கிட்டாங்க. எலும்பெல்லாம் ஒண்ணும் ஆகல, டாக்டர் பாத்துட்டார். சனிக்கிழமை வந்து அந்தத் தானியங்கிச் சனியனை நிறுத்திட்டுப் போ."

ஸ்கூட்டர்காரன் பிழைத்தான். வண்டி செய்ய வேண்டியதைச் செய்தது. அதற்குத்தான் திட்டு.

சனிக்கிழமை காலை போனபோது அம்மா கிளம்பி உட்கார்ந்திருந்தாள். மோவாயில் கருநீலமாக ஒரு வீக்கம், முழங்காலில் கட்டு. சோதனைக் கூடத்தில் சாயத்தைப் பார்க்கிற மாதிரி அவள் கண் தானாகக் காருக்குள் போய் டாஷ்போர்டில் அந்த இரண்டு இடங்களையும் தேடியது. இரண்டும் அவளுக்குத் தெரிந்த இடங்கள்தான்.

"பிரேக்கை ஆஃப் பண்ண மாட்டேன். பெல்ட் போடாமத்தான் இடிச்சுது. ஏன்டா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, சண்டையை வந்து வச்சுக்கலாம்" என்றாள் அம்மா. தாங்கித் தாங்கிக் காரில் ஏறினாள்.

அவளும் விடவில்லை. கிளிப்பை உருவி எறிந்தாள், பெல்ட்டை இழுத்து அம்மாவுக்கு மாட்டினாள். மாட்டிவிட்டு, வழக்கம்போல் குனிந்து பார்த்தாள். பெல்ட் தோளில் போகவில்லை. கழுத்தை ஒட்டிக் குறுக்கே போனது. அம்மா சொன்னது மெய்தான், அறுக்கத்தான் செய்யும். சின்னவளின் உயரம்தான் அம்மாவுக்கும். அண்ணன் உயரத்து ஆளுக்கு வைத்திருக்கிற பெல்ட் பின்னே எங்கே போகும்?

யோசிக்கவே இல்லை, கை பழக்கத்தில் போனது. கதவோரத் தூணில் பெல்ட் தொங்குகிற இடத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திக் கீழே இழுத்தாள். இரண்டு படி இறங்கியது. இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். பெல்ட் அம்மாவின் தோள்பட்டை எலும்பின் நடுவில் போய் உட்கார்ந்தது.

அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இப்பப் படல."

"ம்."

"இந்தப் பொத்தான் முதல்லேருந்தே இங்கதான் இருக்கா?"

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அம்மா கோபப்படவில்லை. "நாலு மாசமா போன்ல அவ்ளோ கத்துனியே. ஒரு நாள் வந்து மாட்டி விட்டிருக்கலாம்ல?"

"நல்லாக் கேளும்மா!" என்றான் அண்ணன். அவன் பக்கத்துப் பூட்டில் தகர நாக்கு அப்படியே இருந்தது. அதைக் காட்டி ஏதாவது சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிறவரை அங்கேயே நின்றாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். டேப் பிடித்து அளந்து, பெல்ட்டை மாட்டிக் கழற்றி மாட்டி, மோவாய்க்குச் சிவப்புப் பூசி, சின்னவளை உட்கார வைக்க வழக்கம்போல் மூன்று மணி நேரம் ஆனது. அம்மாவுக்கு ஆனது அரை நிமிஷம்.