போட்டோ இல்லாத முகம்

பேனர் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'கட்டம்'. நடிகர்களின் சின்ன போட்டோவில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு கிழிப்பார். அதே கட்டங்களை நாற்பதடித் துணியில் நூல் பிடித்துப் பெரிதாகப் போட்டுக்கொண்டு, ஒன்று ஒன்றாக நிரப்புவார். ஒரு கட்டத்தில் மூக்கு நுனி, அடுத்ததில் பாதிக் கன்னம். சாயங்காலம் பார்த்தால் ஒரு கண்ணே வாசல் கதவு அளவுக்கு எழுந்து நிற்கும். தெருவே அண்ணாந்து பார்க்கும். மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கல்யாணமான புதிதில் மனைவி, ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமே என்று ஆசைப்பட்டாள்.

"வீட்டுலயே ஆர்ட்டிஸ்ட் இருக்கேன், எவனோ எடுக்கணுமா? நானே உன்னை வரையறேன், பாரு."

பார்த்தாள், முப்பது வருஷம். எத்தனையோ நடிகைகள் வந்தார்கள், போனார்கள். அவள் முறை மட்டும் வரவில்லை. கேட்டால், "இந்தப் படம் ரிலீஸ் ஆகட்டும்" என்பார். படங்களுக்கா பஞ்சம்?

போன மாதம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடையாள அட்டையில் இருந்த படம் எப்போதோ ஈரம் பட்டு வெறும் கறையாகிக் கிடந்தது. வேறு படமே கிடையாது. மகள் ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா முகம் எனக்கு வேணும்ப்பா. என் பிள்ளைங்க பார்க்கணும்."

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்று பலகையை நிறுத்தினார். பழக்க தோஷம், முதலில் கட்டம் போட்டார். போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது, பார்த்து வரைய போட்டோ இல்லை என்று. பரவாயில்லை, கைக்குத் தெரியாததா என்று ஆரம்பித்தார்.

கைக்குத் தெரிந்தது வேறு. மூன்றாம் நாள் முகம் தயார். செதுக்கின மூக்கு, மினுக்கும் உதடு, கண்மணியில் ஒரு வெள்ளைப் பொட்டு. பார்க்க வந்த மச்சினிச்சி, "அத்தான், இது எந்த நடிகை?" என்று கேட்டேவிட்டாள். கூடப்பிறந்தவள் கேட்கிறாள்!

அவசர அவசரமாகத் துடைத்தார்.

"நீ வந்து எதிர்ல உக்காரும்மா. உனக்கு அவ சாயல்தானே?"

"எனக்கு உங்க சாயல்ப்பா. எல்லாரும் அதைத்தானே சொல்லுவாங்க" என்றாள் மகள்.

"சரி, நீ சொல்லு. நான் போடறேன்."

காணாமல் போனவளைப் பற்றிப் போலீஸ்காரர் விசாரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். வெட்கக்கேடு. மகளும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நெற்றி குறுகல். கீழ்ப்பல் ஒன்று உள்ளே தள்ளி இருக்கும். சிரித்தால் ஒரு பக்கம்தான் குழி விழும்.

"அப்புறம், கண்ணுக்குக் கீழ அந்தத் தழும்பு."

"தழும்பா? எங்க விழுந்தா?"

"விழலப்பா. உப்பு இல்லைன்னு நீங்க வீசின தட்டு."

அவர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு பலகைவரை கையைக் கொண்டுபோனார். எந்தக் கண் என்பதையும் மகளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.