நெருப்பில்லாமல் கொதித்த பீப்பாய்

முப்பது வருடங்களுக்கு முன், பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையின் பின்சுவரை ஒட்டி என் பட்டறை இருந்தது. வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும் கல்லறை அது. அந்தப் பக்கம் யாரும் வாடகைக்கு வரமாட்டார்கள். நான் போனேன். நாலாம் வகுப்போடு நின்றவன்தான்; ஆனால் படகு விளக்குகளின் அலுமினியக் கூண்டுகளைப் புதுசாக்கித் தர எண்ணூர் வரை என்னை விட்டால் ஆள் கிடையாது.

அந்தக் கூண்டுகளின் மேல் அனோடைஸ் செய்த தங்க நிறப் பூச்சு இருக்கும். உப்புக்காற்றில் புள்ளி விழும். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கினால் பூச்சு கரைந்துவிடும். உடனே எடுத்துக் கழுவிவிட வேண்டும்.

ஒரு நாள் பத்துக் கூண்டுகள் சேர்ந்து வந்தன. சீக்கிரம் முடியட்டும் என்று காஸ்டிக் சோடாவை இரண்டு மடங்காகப் போட்டு, எல்லாவற்றையும் இரும்புப் பீப்பாயில் இறக்கி, தூசி வராமல் ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். கடையில் ஒருவர் என் தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டார். கேட்டால் விடுவேனா? ஒரு மணி நேரத்துக்கு மேல் என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பீப்பாய் நினைவே இல்லை.

திரும்பும்போது உச்சிவெயில். ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. பட்டறைக் கதவருகே ஒரு பெண் ஈரப் புடவையோடு நின்றிருந்தார். ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்; ஓட்டை அடைக்கக் கொடுத்த அலுமினியக் குண்டானை வாங்க வந்திருந்தார்.

"உள்ள யாரு மேஸ்திரி? நானும் கூப்புட்டுக்கினே கீறேன். குசுகுசுன்னு பேசறாங்க, பதிலே காணோம்."

உள்ளே யாரும் கிடையாது. காது வைத்தேன். நிறையப் பேர் மூச்சுவிடாமல் முணுமுணுப்பது போல இருந்தது. பயத்தை அவர் எதிரில் காட்டிக்கொள்ளலாமா?

"பொணம் பேசினா பேசட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று கதவைத் திறந்தேன்.

கரண்ட் இல்லை. இருட்டில் பீப்பாய் கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் நெருப்பே இல்லை. விளிம்பில் வெள்ளை நுரை ஏறி ஏறி இறங்கியது. மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சேற்றுக்குள் இறாலைத் தேடிப் பழகிய கை. குளிர்ந்திருந்தது, அசைக்க முடியவில்லை.

"குச்சி கிழிக்காத. சேறு கொப்புளிக்கற எடத்துல பீடிகூட பத்தவெக்கக் கூடாதுன்னு எங்க நைனா சொல்லும்."

"இது சேறா? என் தொழிலு."

"உன் தொழிலுன்னு அதுக்குத் தெரியுமா? வெளிய வா மொதல்ல."

கோபம்தான், ஆனாலும் வந்தேன். ஜன்னல்களை வெளியிலிருந்து திறந்துவிட்டோம். இது தீப்பிடிக்குமா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. சத்தம் குறைந்ததும் கொஞ்சம் நுரையைக் கொட்டாங்கச்சியில் அள்ளி வந்து வெட்டவெளியில் வைத்தேன். நீளக் கழியின் நுனியில் துணி சுற்றிப் பற்றவைத்து, தள்ளி நின்று நீட்டினேன். டப்பென்று வெடித்தது. கொட்டாங்கச்சி எகிறிக் கல்லறைக்குள் விழுந்தது. ஒரு கை நுரைக்கே அப்படி. அலுமினியமும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சூடேறிக் கிளம்பும், தீப்பிடிக்கும் வாயு அது; குசுகுசுத்ததும் அதுதான், பட்டறை முழுக்க நிறைந்திருந்ததும் அதுதான்.

பிறகு பீப்பாய்க்குள் கழியை விட்டுத் துழாவினேன். கூண்டுகள் இல்லை; பூச்சோடு அலுமினியமும் கரைந்துபோயிருந்தது. கறுப்புக் கசடும், கரையாத எஃகுத் திருகாணிகளும் மட்டும், சதை போன பிறகு மிஞ்சிய பற்கள் போலக் கிடந்தன.

அவர் எட்டிப் பார்த்தார். "என் குண்டானையும் இதுல போட்டியா இன்னா?"

சிரிக்க வரவில்லை. இன்றும் எதைப் பற்றியாவது பெருமை பேச வாயெடுத்தால் மணிக்கட்டில் அந்தக் குளிர்ந்த பிடி விழுகிறது. பேச்சை நிறுத்தி, சாத்திய கதவுக்குள் என்ன சத்தம் என்று காது கொடுக்கிறேன்.