சேம்பு சொன்ன சாட்சி

போன மாதம் ஒரு கூட்டத்துக்கு மொழிபெயர்க்கப் போனேன். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை!

வத்தேகமவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்து வரிசை அறைகளில் இருக்கும் குடும்பங்களுக்குத் தனிவீடு கட்டப் போகிறார்கள். இடம் குறித்தாயிற்று, வரைபடமும் தயார். கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர், "யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

கொழுந்து பறிக்கும் செல்வமணி எழுந்தார்.

"அந்த எடம் வேணாங்க சார். அடியில தண்ணி ஓடுது. மழை புடிச்சா மண்ணு சரியும்."

"ஆதாரம்?"

"இந்த வெயில் காய்ச்சலுக்கு மத்த எடமெல்லாம் வறண்டு கெடக்கு. அங்க மட்டும் சேம்பு தளதளன்னு நிக்குது. இருவது வருஷமா அந்தப் பக்கந்தான் கொழுந்து எடுக்கிறேன்."

பொறியியலாளர் கையிலிருந்த படிவத்தைப் புரட்டினார். பாவம், சேம்புக்கு அதில் கட்டம் ஏது?

செல்வமணியின் குரல் உயர்ந்தது. "எம் புள்ளைங்க அந்த வீட்லதான் தூங்கணும் சார்! வாங்க, காட்டுறேன்."

போனோம். அதிகாரிகள், பெண்கள், பின்னாலேயே இரண்டு நாய்கள் – திருவிழா ஊர்வலம்தான்!

தொழிலாளி ஒருவர் சேம்படியில் அலவாங்குக் கடப்பாரையை ஓங்கி இறக்கினார். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இழுத்தார்... களக்! சேற்றுத் தண்ணீர் பீறிட்டு, பொறியியலாளரின் வெள்ளைச் சட்டையில்!

அவர் சட்டையைப் பார்த்தார். செல்வமணியைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள்! பெண்கள் விசிலடித்தார்கள். நானும் அடித்தேன். சிரிப்புக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

"அப்படியானால் எந்த இடம் நல்லது?" என்றார். செல்வமணி மேலே, பழைய நாற்றுமேடையைக் காட்டினார். அங்கே அலவாங்கு 'ணங்' என்றது. ஆனாலும் பொறியியலாளர் அதோடு விடவில்லை. இரண்டு இடத்து மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பினார். அதுதானே முறை?

நேற்று செல்வமணி எனக்குப் போன் எடுத்தார்.

"சார், மேல எடமே முடிவாகிருச்சி! அறிக்கையில எம்பேரும் இருக்காம். பக்கத்துத் தோட்டத்துக்கும் எடம் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க!"

"போவீங்களா?"

"பின்ன? ஆனா செவ்வாக்கிழமை மட்டும் வேணாம்னு சொல்லிட்டேன். நாங்களும் கொஞ்சம் பிஸி சார்!"

ஊருக்கு ஊர் இப்படி நிபுணர்கள் இருக்கிறார்கள். என்ன, கூட்டத்துக்குக் கூப்பிட்டால்தானே வருவார்கள்!