என் காணியின் புதிர்ச்சோறு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணி என்னுடையது. சாகாமத்துக் குளத்துக்குக் கீழே காடாகக் கிடந்த துண்டு. வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்துவிட்டு அதே வருடம் மௌத்தாகிப் போனார். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் காணியும் பெண்ணின் பெயரில்தான் வரும். மாப்பிள்ளை உடுத்த சாரத்தோடு வந்து ஏறுவார். இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள், உங்கள் பெண்களுக்கு என்ன மதிப்பு என்று வாய் பிளப்பார்கள். மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் பிளக்கட்டும்.

என் கணவர் மருதமுனைக்காரர், நெசவுக் குடும்பம். தறியில் அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிவார். வயலில் இறங்கினால் எது பயிர், எது புல் என்று என்னிடம் கேட்பார். கேட்டதில் தப்பில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனிதர். அட்டாளைச்சேனையிலிருந்து மாட்டு வண்டியில் போய், காணியில் வாடி என்கிற ஓலைக் குடிசை கட்டி இருந்தோம். அவர் மரக்கட்டைகளைத் தோண்டினார், நான் பற்றை வெட்டிக் குவித்து எரித்தேன். விதைத்த பிறகு புல் பிடுங்கியதும் கிளி விரட்டித் தொண்டை கட்டியதும் நான்தான். ஊரிலே பெண்கள் என்னைப் பற்றிக் கதைத்த கதைகளை இங்கே எழுத முடியாது.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. புது நெல்லைக் குத்தி, தேங்காய்ப்பாலில் ஆக்கி, பாத்திஹா ஓதித் தின்கிற முதல் சோற்றைப் புதிர்ச்சோறு என்போம். "உன்ட காணிட புதிர்ச்சோத்த நீ வயிறு நெறயத் தின்னணும், புள்ள" என்று வாப்பா படுக்கையில் கிடந்தபோது சொன்னார். அதைத் தின்ன வேண்டும் என்றுதான் அந்த மாரி முழுவதும் சேற்றில் நின்றேன்.

வெட்டு முடிந்து கதிர்களைக் களவெட்டிக்குக் கொண்டுபோன அன்று என்னை வெளியே நிறுத்தினார்கள். களவெட்டி என்பது எருமைகளை வளைய விட்டுக் கதிரைச் சூடு மிதிக்கிற வட்டமான களம். பெண் அதற்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் பூதம் விளைச்சலைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். களத்துக்கென்று தனிப் பாஷையும் உண்டு. அங்கே நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் அங்கே வெள்ளம். எருமை வாரிக்காலன். குறைந்தது, முடிந்தது, இவ்வளவுதான் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாப்பா வீட்டில் வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லி இந்தப் பாஷை முழுவதும் எனக்குப் பாடம். களத்துக்குள் போகிற என் கணவருக்கோ ஒரு சொல்லும் தெரியாது. அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாஷை தெரிந்தவள் வெளியே, தெரியாதவர் உள்ளே. நல்ல நியாயம்!

சூடு மிதித்து, வைக்கோலை உதறி, தூற்றி முடித்த பின்னேரம் அது. நான் சாப்பாட்டுப் பானையோடு களத்துக்குக் கிழக்கே, வரம்பில் நின்றேன். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்து, அங்கேதான் நின்றேன். என் கணவர் குவியலைப் பார்த்தார். மெய்தான், சின்னக் குவியல். கதிர் பாலாக இருந்தபோதே பன்றியும் கிளியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. கடைசித் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரவேயில்லை. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். இவர் முல்லைக்காரரைப் பார்த்து, வேலையாட்களுக்குத் தலைவர் அவர்தான், எங்களுக்கெல்லாம் காக்கா, அண்ணன் முறை, வாய் நிறையக் கேட்டார்:

"என்ன காக்கா, நெல்லு இவ்வளவுதானா? முடிஞ்சிட்டா?"

சொல்லக் கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொன்ன அத்தனையையும் மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முல்லைக்காரர் அவரைத் திட்டியிருந்தால் நான்கூடச் சிரித்திருப்பேன். அவர் திட்டவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அதானே பாத்தன். பொண்டுகள்ற நிழல் பட்ட களத்தில பொலி நிக்குமா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. களம் எனக்கு முன்னால், என் நிழல் எனக்குப் பின்னால் நீளமாகக் கிடந்தது.

"காக்கா, என்ட நிழல் எந்தப் பக்கம் விழுந்து கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துட்டுக் கதைங்க!" என்று கத்தினேன்.

"வாய் காட்டாத புள்ள, பொலி குழம்பிரும்" என்றார் அவர்.

என் கணவர் வாயே திறக்கவில்லை. சற்று முன்னர் அத்தனை தாராளமாகத் திறந்த வாய்! 'நான்தான் பிழையாகக் கதைத்துவிட்டேன்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வைக்கோலைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றார். அன்றைக்கு எனக்கு முல்லைக்காரர்மேல் வந்த கோபம் பாதி, இவர்மேல் வந்தது பாதி.

என்னால் வந்த குற்றம் தீரட்டும் என்று, புதிர்ச்சோற்றுக்கு ஊரில் நிறையப் பேரைக் கூப்பிடச் சொன்னார் முல்லைக்காரர். கூப்பிட்டார்கள். ஊர் வீட்டில் புது நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினேன், தேங்காய் துருவினேன், அடுப்பூதினேன். என் நிழல் உரலில் விழுந்தது, பானையில் விழுந்தது, சுளகில் விழுந்தது. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பாத்திஹாவுக்கு முன் வாயில் வைக்கக் கூடாது என்பதால் உப்புக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதினார். என் கணவருக்கும் அவருடைய வாப்பாவுக்கும் மூத்தவாப்பாவுக்கும் துஆ கேட்டார், "இவர்ட காணியில பறக்கத்தக் குடு ரஹ்மானே" என்று கையேந்தினார். இவர்ட காணி! திரைக்குப் பின்னால் இருந்து நான் ஆமீன் சொல்லவில்லை. ஆறு பேர் சுற்றியிருந்து தின்கிற சஹன் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. கூப்பிட்டவர்கள் வந்தார்கள், கூப்பிடாதவர்களும் வந்தார்கள். பெண்களின் முறை வந்தபோது உம்மா அகப்பையால் பானையைச் சுரண்டிப் பார்த்தார். எங்களுக்குப் பழைய அரிசியில் உலை வைத்தார்கள்.

என் கணவர் குசினிக்குள் வந்தார். தன் சஹனில் ஒரு பிடி சோற்றை ஒதுக்கி, வாழையிலைத் துண்டில் சுற்றி எனக்கென்று கொண்டு வந்திருந்தார். பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். "பாருங்க கா, இப்பிடி ஒரு மாப்பிள எவளுக்குக் கிடைக்கும்!" என்று மாமி கண்ணைத் துடைத்தார். அந்தக் கதை ஊரெல்லாம் போனது. என் பிள்ளைகள் பெரியவர்களாகி, இன்றைக்கும் வாப்பாவின் நல்ல குணத்துக்கு அதைத்தான் சொல்கிறார்கள்.

நான் அந்தச் சோற்றைத் தின்றேன். பசி. நல்ல ருசியாகத்தான் இருந்தது. என் காணியில் நான் விளைவித்து, நான் குத்தி, நான் ஆக்கிய சோறு அது. அதில் எனக்கு ஒரு பிடி தந்தவர் என்ற பேர் அவருக்கு.