காப்புக் கையில் விரால்

மீன் நாற்றம் எனக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை. கருவாடு வாசம் அடிக்காத வீட்டில் நான் வளரவில்லை. என்னைக் குமட்ட வைத்தது எங்கள் தோட்டத்துச் சின்னத்துரை தூண்டிலில் மாட்டும் ரப்பர் புழு. சுண்டுவிரல் நீளம்கூட இராது. பிளாஸ்டிக் பையில் பிசுபிசுவென்று கிடக்கும். பையைத் திறந்தால் இறைச்சிக் கறிக்குப் போடும் பெருஞ்சீரகத்தின் வாசனை அடிக்கும். மீனுக்குப் பிடிக்கும் என்று சேர்க்கிறார்களாம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடியைத் தறிக்கும் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தானோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை கொத்மலை அணைக்கு மீன் பிடிக்கப் போகும்போது, தோட்டத்தின் உதவி மனேஜரான சின்னத்துரை சாமான் தூக்க என்னைத்தான் கூப்பிடுவார்.

அவருடைய தூண்டில் வெளிநாட்டுச் சரக்கு. அங்கே பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறதாம், அதற்காகச் செய்தது. நம் அணையில் அது கிடையாது. கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு அந்தக் கோல் வெறும் ஈர்க்குச்சி. கோலின் முதுகில் ஒரு சின்ன உருளை, அதில் மெல்லிய நூல். வீசும்போது உருளை சுழலும். பெருவிரலை மேலே வைத்து அதை அடக்க வேண்டும். புழுவுக்குப் பாரமே இல்லாததால் விரல் கொஞ்சம் தவறினாலும் நூல் பொங்கிக் குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். சின்னத்துரை வீசினால் பெரும்பாலும் குருவிக்கூடுதான். சிக்கெடுப்பது என் வேலை. சிக்கெடுத்த நூலை ஒருதரம் வீசிப் பார்த்துத்தான் மறுபடி சுற்ற வேண்டும். அப்படியே என் விரல் பழகிவிட்டது. அவருக்குப் படியாத தூண்டில் எனக்குப் படிந்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் என் மகள் நெஞ்சுச் சளியில் கிடந்து பிழைத்தாள். மாரியம்மன் திருவிழாவில் நான் பால்குடம் எடுப்பதாக மனைவி நேர்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டினார்கள். அதை அவிழ்க்கும்வரை மீனோ இறைச்சியோ தொடக்கூடாது. மீறினால் நேர்த்தியின் பலன் பிள்ளைக்குச் சேராது. எங்கள் லயத்து வீடுகளில் கருவாட்டுச் சட்டியைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு சின்னத்துரை ஆள் அனுப்பினார். கொழும்பிலிருந்து அவருடைய சிநேகிதர் வந்திருந்தார். கையில் காப்பு என்று சொல்லியிருந்தால் சின்னத்துரை விட்டிருப்பார், வருடாவருடம் தேர் பார்க்க வருகிறவர்தான். எனக்கு வாய் வரவில்லை. சாமான் மட்டும் தூக்குவோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு போனேன்.

கரையில் இருவரும் மாறிமாறி நூலைச் சிக்காக்கினார்கள். கடைசியில் சின்னத்துரை கோலை என்னிடம் நீட்டினார்.

"ஒன் கைக்குத்தான் இது கேக்குது. வீசு."

"சரிங்க தொர" என்றேன்.

ரப்பர் புழுவுக்கு உயிரில்லை, வீசுவதில் குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டேன். பாழாய்ப்போன கை, அன்றைக்கென்று நன்றாக வீசியது.

விரால் ஒன்று கடித்தது. நூல் அறுந்துவிடாமல் விட்டு விட்டு இழுத்துக் கரை சேர்த்தேன். நூலை அறுத்துவிட்டிருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது. சிநேகிதர் காமிராவோடு வந்து, மீனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தூக்கினேன். வழும்பு மணிக்கட்டில் வழிந்து காப்பை நனைத்தது. பிறகு அவர் மீனை வாங்கி அதன் வாயில் முத்தமிட்டார். அதற்கும் ஒரு படம். உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிடித்ததைத் தண்ணீரில் விடுவதுதான் முறையாம். குறட்டால் தூண்டில் முள்ளைப் பிடுங்கியதில் செவுள் கிழிந்திருந்தது. விட்ட மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. தின்னவும் இல்லை, பிழைக்க விடவும் இல்லை.

கையை மணல் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், வாசனை போகவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. திருவிழாவன்று குடத்தைத் தலையில் வைத்துப் பிடித்தபோது அந்தக் கை என் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. கோயில்வரைக்கும் பெருஞ்சீரகமும் வழும்பும்தான் மணந்தன. பாலை அம்மனுக்கு ஊற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து படங்கள் வந்தன. சின்னத்துரை நல்ல மனதோடுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் எனக்கென்று ஒன்றை நீட்டினார், காப்புக் கையில் விராலோடு நான் நிற்பது. அது என் கைக்கு வருமுன் கணக்கப்பிள்ளை வாங்கிப் பார்த்துவிட்டார். படம் கைமாறிப் போனது.

"ஏன் மச்சான், அம்மனுக்கு ஊத்துனது பாலா, மீன் கொழம்பா?" என்றான் என்னோடு கவ்வாத்து வெட்டுகிறவன். சிரித்தார்கள். என் மனைவி கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையில் நின்றாள். படம் அவளிடமும் போனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் கேட்டாள். "கையில காப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொர அடிச்சிருப்பாரா?"

நான் கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினேன்.

படத்தை அவள் கிழிக்கவில்லை, அடுப்பில் போடவில்லை. அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மகளுக்கு இருமல் வந்த ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

அடுத்த வருடம் அவள் என்னைக் கேட்கவில்லை. காப்பைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு பால்குடம் எடுத்தாள். திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு சின்னத்துரை ஆள் அனுப்பினார். என் கையில்தான் காப்பு இல்லையே. போனேன்.