வாளுறையில் இல்லாத கல்

சுவிஸ் குடியுரிமைக்கான நேர்முகத்தில் என்னைக் கேள்வி கேட்க ஐந்து பேர் இருந்தார்கள். ஊராட்சித் தலைவி தொடங்கினார்.

"எங்கள் நூதனசாலைக்குப் போயிருக்கிறீர்களா?"

சோலோதுர்னுக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. பழம்பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அதன் நூதனசாலையைப் பதினொரு வருடமாகத் துடைப்பவள் நான்.

"கிழமைக்கு மூன்று தரம்" என்றேன்.

"எது உங்களுக்குப் பிடிக்கும்?"

உள்ளூர்ப் பொருள் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "வளைந்த வாள். அலகு பாரசீகம், பிடியும் உறையும் துருக்கி. உறையில் நீலக்கற்கள் பதித்திருக்கும். கீழிருந்து நாலாவது இல்லை."

எல்லோரும் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"இல்லையா?"

"இல்லை. குழி மட்டும்தான் இருக்கிறது."

அந்த ஐவரில் ஒருவர் நூதனசாலைச் சங்கத்தின் செயலாளர். அவர் முகம் சிவந்தது. வேறு கேள்வி எதுவும் வரவில்லை.

எனக்கு முன்பே குடியுரிமை பெற்றுவிட்ட என் கணவர் வாசலில் காத்து நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கிறது ஆர்?"

"நான்தான்."

"கட்டடத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு ஆரிட்டை?"

"என்னட்டையும் ஒண்டு இருக்கு."

"பாஸ்போர்ட் கேக்கப் போன இடத்திலை ஒரு களவைச் சொல்லிக் குடுத்திட்டு வந்திருக்கிறீர்" என்றார்.

அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து நூதனசாலைப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைக் கையுறையோடு வாளை மேசையில் கிடத்தியிருந்தார். பக்கத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் தந்தார். படத்திலும் நாலாவது இடம் வெறும் குழி.

"என் அப்பா பிறப்பதற்கு முன் எடுத்த படம்" என்றார். "அப்போது நீங்கள் இங்கே வேலை செய்யவில்லை."

"இல்லை" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். உருப்பெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துடைக்கப் போனேன்.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது. ஊரின் பண்பாட்டுச் சொத்துகளில் எனக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

அதுவரை நூதனசாலைப் பக்கமே வராத கணவர், அந்த ஞாயிற்றுக்கிழமை வாளைப் பார்க்க வந்தார். பெட்டியிலிருந்து நன்றாக விலகி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கிட்ட வந்து பாருங்கோவன்" என்றேன்.

"வேண்டாம். இப்பதானே கடிதம் வந்தது."